ஹுவேக்கு ஒரு நாள் போதாது: 'மத்திய வியட்நாம்' பேக்கேஜ் விமர்சனம்

வண்ணாரப்பேட்டை, பெரம்பூர், மண்ணடி பக்கத்து டிராவல்ஸ் கடைகளில் 'மத்திய வியட்நாம், 4 இரவு 5 பகல்' என்று ஒரு பேக்கேஜ் கிடைக்கிறது. கடை மாறினாலும் திட்டம் பெரும்பாலும் ஒன்றுதான். நான்கு இரவும் டா நாங்கில் தங்கல். ஒரு நாள் பா நா மலையும் தங்கப் பாலமும், ஒரு நாள் ஹோய் ஆன், ஒரு நாள் பழைய தலைநகரம் ஹுவே. முதல் இரண்டிலும் குறை சொல்ல அதிகம் இல்லை. ஹுவேக்கு ஒதுக்கிய அந்த ஒரு நாள்தான் இந்த பேக்கேஜின் பலவீனம். வரலாறு பார்க்கத்தான் வியட்நாம் போகிறேன் என்பவருக்கு அதுவே முக்கியமான நாளும்கூட.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விசா, விமானம், விமான நிலையத்திலிருந்து வண்டி ஆகியவற்றுக்கு ஐந்துக்கு நான்கு. ஹுவே நாளுக்கு இரண்டு. நான்கு இரவில் இரண்டை ஹுவேக்கு மாற்றித் தரச் சொல்லி வாங்கினால் முழுசுக்கும் நாலரை கொடுக்கலாம். பல கடைகளில் கேட்டால் மாற்றித் தருகிறார்கள். கேட்பவர்கள்தான் குறைவு.

அந்த ஒரு நாள் எப்படிக் கரைகிறது என்று பாருங்கள். டா நாங்கிலிருந்து ஹுவே சுமார் 100 கிலோமீட்டர். கூட்டு வேன் காலை ஏழரைக்கு முதல் ஹோட்டலில் ஆள் ஏற்றத் தொடங்கி, நான்கைந்து ஹோட்டல் சுற்றி ஊரைத் தாண்டும்போது எட்டரை ஆகிவிடும். வழியில் கழிப்பறைக்கு என்று முத்துக் கடையிலோ கைவினைக் கடையிலோ ஒரு நிறுத்தம். ஹுவே போய்ச் சேரப் பதினொன்று. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். மாலை நான்குக்குத் திரும்பக் கிளம்ப வேண்டும். மிஞ்சும் நான்கு மணி நேரத்தில் அரண்மனை, தியென் மு பகோடா, ஒரு பேரரசர் சமாதி என்று மூன்று இடம். அரண்மனையைப் பார்ப்பது உச்சி வெயிலில், அதுவும் ஒன்றரை மணி நேரம் மட்டும்.

அந்த இடத்தின் அளவு தெரிந்தால் இது எவ்வளவு குறைவு என்று புரியும். 1802 முதல் 1945 வரை நுயென் வம்சத்தின் தலைநகரம் ஹுவே. பதின்மூன்று பேரரசர்கள் இங்கிருந்து ஆண்டார்கள். முதல் பேரரசர் ஜா லாங் தொடங்கிய கோட்டையை அவர் மகன் மின் மாங் முடித்தார். வெளிமதிலின் சுற்றளவு மட்டும் சுமார் 10 கிலோமீட்டர். அதற்குள் இன்றும் தெருக்கள், வீடுகள், பள்ளிகள் உண்டு. அதற்குள்ளே சுமார் இரண்டரை கிலோமீட்டர் சுற்றளவில் அரச நகரம், அதற்கும் உள்ளே பேரரசரின் குடும்பம் வாழ்ந்த ஊதா அரண்மனை வளாகம். 1993-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது கோட்டையை மட்டுமல்ல. ஆற்றங்கரையில் சிதறிக் கிடக்கும் சமாதிகள், கோயில்கள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான்.

டிராவல்ஸ்காரரிடம் இப்படிக் கேளுங்கள்: டா நாங்கில் இறங்கிய அன்றே ஹுவேக்குப் போக வேண்டும், அங்கே இரண்டு இரவு. மூன்றாம் நாள் மெதுவாக ஹாய் வான் கணவாய் வழியே இறங்கி ஹோய் ஆன் அல்லது டா நாங்கில் இரண்டு இரவு. ஹுவே நாள் சுற்றுலாவின் தொகையைக் கழித்துவிட்டு, இரண்டு முறை தனி வண்டிக்கான தொகையைச் சேர்க்கச் சொல்லுங்கள். நான்கு பேர் குடும்பம் என்றால் கூடுதல் சுமை பெரிதாக இருக்காது. இரண்டே பேர் என்றால் ஒரு பயணத்துக்கு ரயிலே போதும். பா நா மலையை விட வேண்டிவரும். வரலாற்றுக்காகப் போகிறவர்களுக்கு அது இழப்பே இல்லை என்பது என் கருத்து. சின்னக் குழந்தைகள் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

ரயில் என்றால் டா நாங்கிலிருந்து ஹுவே இரண்டரை முதல் மூன்றரை மணி நேரம். பாதை கடலை ஒட்டி மலைச்சரிவில் வளைந்து வளைந்து போகும். ஹுவே நோக்கிப் போகும்போது வலப்பக்க ஜன்னல், திரும்பும்போது இடப்பக்கம். டிக்கெட் எடுக்கும்போதே எந்தப் பக்கம் என்று கேட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் மலைப்பாறையைப் பார்த்துக்கொண்டு வரவேண்டியதுதான். காரில் போனால் இன்னொரு சிக்கல் உண்டு. 2005-ல் 6 கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுரங்கப்பாதை திறந்த பிறகு ஓட்டுநர்கள் தானாகவே அதற்குள் நுழைந்துவிடுவார்கள். அவர்களுக்கு நேரமும் பெட்ரோலும் மிச்சம். பயணத் திட்டத்தில் 'ஹாய் வான் வழி' என்று மட்டும் போட்டிருந்தால் சுரங்கமும் அந்தப் பெயரில்தான் வரும். 'கணவாய் மேல் சாலை வழியாக, உச்சியில் நிறுத்தத்துடன்' என்று எழுதி வாங்குங்கள். உச்சியில் 1826-ல் மின் மாங் கட்டிய காவல் வாயில் இருக்கிறது. பழுதுபார்த்து மறுபடி திறந்திருக்கிறார்கள்.

நுழைவுச் சீட்டு பேக்கேஜில் சேர்த்தியா என்பதைக் கட்டாயம் பாருங்கள். அரச நகரத்துக்குப் பெரியவர் ஒருவருக்கு 2,00,000 டாங். பேரரசர்கள் மின் மாங், து தொக், காய் தின் சமாதிகளுக்குத் தலா 1,50,000. நான்கையும் சேர்த்துக் கூட்டுச் சீட்டு 5,30,000, தனித்தனியாக எடுத்தால் 6,50,000. ஒரு லட்சம் டாங் என்றால் இப்போதைய மதிப்பில் ஏறத்தாழ 340 ரூபாய். கூட்டுச் சீட்டு சுமார் 1,800 ரூபாய். கூட்டுச் சீட்டு இரண்டு நாள் செல்லும். ஒரு நாள் சுற்றுலாவில் போகிறவர்களுக்கு இது பயன்படாது. இரண்டு இரவு தங்குகிறவர்களுக்கு அப்படியே பொருந்தும்.

அரச நகரத்தைக் காலை ஏழரைக்குள் தொடங்கிவிடுங்கள். கூட்டு வேன்கள் வந்து இறங்குவது பதினொன்றுக்கு. அதற்குள் நீங்கள் முக்கால்வாசி பார்த்திருப்பீர்கள். 1833-ல் எழுந்த ங்கோ மோன் வாயிலில் நடுவழி பேரரசருக்கு மட்டும் உரியதாக இருந்தது. மாடியில் ஏறிப் பாருங்கள். 1945 ஆகஸ்ட் 30 அன்று கடைசிப் பேரரசர் பாவ் தாய் இந்த வாயிலில்தான் முடி துறந்தார். அடுத்து வரும் தாய் ஹோவா அரியணை மண்டபம் நீண்ட பழுதுபார்ப்புக்குப் பிறகு 2024 நவம்பரில் திறந்தது. அரக்குச் சாயமும் தங்கப் பூச்சும் புதிதாக மின்னும். பழைய புகைப்படங்களைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு முதலில் கொஞ்சம் அந்நியமாகத் தெரியலாம்.

இங்கிருந்து குழுக்கள் எல்லாம் நேராக வடக்கே கியென் சுங் மாளிகைக்குப் போய்விடும். நீங்கள் இடப்பக்கம், தென்மேற்கு மூலைக்குத் திரும்புங்கள். அங்கே தே மியெவ் என்ற மூதாதையர் கோயில், அதன் முற்றத்தில் ஒன்பது பெரிய வெண்கலக் கொப்பரைகள். 1835 முதல் 1837 வரை வார்த்தவை. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் உண்டு. உடம்பு முழுக்க நாட்டின் மலைகள், ஆறுகள், கப்பல்கள், விலங்குகள், மரம் செடிகள், பீரங்கிகள் என்று புடைப்புச் சிற்பங்கள். ஒரு பேரரசு தன்னைப் பற்றி வைத்த கணக்கே வெண்கலத்தில் இருக்கிறது. ஹுவேயில் இதைவிட நின்று பார்க்கத் தகுந்த பொருள் வேறில்லை. ஒரு நாள் சுற்றுலாவில் இதற்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைப்பதில்லை, பல வழிகாட்டிகள் இந்தப் பக்கமே கூட்டிவருவதில்லை. அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஊதா வளாகத்தின் பெரும்பகுதி இப்போது புல்வெளி. 1947-ல் பிரெஞ்சுப் போரின்போது எரிந்தது பாதி, 1968-ல் வியட்நாம் போரின் டெட் தாக்குதலில் வாரக்கணக்கில் நடந்த தெருச் சண்டையிலும் குண்டுவீச்சிலும் போனது மீதி. 'அரண்மனை எங்கே?' என்று கேட்டு ஏமாறுகிறவர்கள் இதைத் தெரியாமல் போகிறவர்கள்தான். வடக்குக் கோடியில் மீண்டும் கட்டிய கியென் சுங் மாளிகை, பிரெஞ்சு மாளிகை போன்ற உடலும் பீங்கான் சில்லுப் பூவேலையும் கொண்டது. மொத்த நடை மூன்று நான்கு கிலோமீட்டர் வரும், நிழல் குறைவு. தண்ணீர், தொப்பி, தட்டைச் செருப்பு வேண்டும். முக்கியமாக, நுழைவது தெற்கே ங்கோ மோன், வெளியேறுவது கிழக்கு அல்லது வடக்கு வாயில். வண்டிக்காரரை எங்கே நிற்கச் சொல்வது என்று முதலிலேயே பேசாவிட்டால் வெயிலில் மதிலைச் சுற்றி நடக்க நேரும்.

மதியம் அறையில் ஓய்வெடுத்து, மாலையில் ஹுவோங் ஆற்றில் படகு. ஆங்கிலத்தில் இதை வாசனை ஆறு என்கிறார்கள். தியென் மு பகோடா வரை படகில் போய், திரும்பும்போது செயலியில் கார் பிடிப்பதே சிக்கனம். இருவழியும் படகு என்றால் நேரம் இழுக்கும், படகுக்காரர் வீட்டம்மா பட்டுச் சட்டையும் ஓவியமும் விரித்து வைப்பார். வாங்கத்தான் வேண்டும் என்று இல்லை. பகோடாவுக்குக் கட்டணம் கிடையாது. கோயில் 1601-ல் தொடங்கியது, முன்னால் நிற்கும் ஏழு அடுக்குக் கோபுரம் 1844-ல் வந்தது, உயரம் 21 மீட்டர். பின்கட்டில் ஒரு பழைய ஆஸ்டின் கார் இருக்கிறது. 1963 ஜூனில் சைகோன் தெருவில் தீக்குளித்த துறவி திக் குவாங் தொக் அந்த இடத்துக்கு வந்த கார் அது. தோளும் முழங்காலும் மூடிய உடை போடுங்கள்.

மறுநாள், அதாவது மூன்றாம் நாள் காலை, கணவாய்க்குக் கிளம்பும் முன் சமாதிகள். அரை நாள் கார் பேசி, தூரத்தில் இருப்பதிலிருந்து தொடங்கி ஊரை நோக்கி வருவது நல்லது. முதலில் 12 கிலோமீட்டரில் மின் மாங். ஒரே நேர்கோட்டில் வாயில், மண்டபம், குளம், பாலம் என்று அடுக்கிய அமைதியான தோட்டம். அடுத்தது காய் தின். 1920-ல் தொடங்கி 1931-ல் முடித்த கான்கிரீட் சமாதி, வெளியே கறுத்துக் கிடக்கும். உள்ளே போனால் சுவர் முழுக்கப் பீங்கானும் கண்ணாடியும் பதித்த வேலை. இதில் 127 படி, செங்குத்து. மூட்டுவலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போவதானால் இதை விட்டுவிடலாம். கடைசியில் து தொக். ஏரியும் மரமண்டபமும் பைன் மரங்களுமாக, உயிரோடு இருக்கும்போதே ஓய்வெடுக்க அவர் கட்டிக்கொண்ட இடம். 1864 முதல் 1867 வரை நடந்த அந்தக் கடும் வேலையைத் தாங்காமல் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்ததும் வரலாற்றில் உண்டு. பேக்கேஜ் காட்டும் ஒரே சமாதி பெரும்பாலும் காய் தின்; பளபளப்பு அதிகம், நேரம் குறைவு என்பதால். ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் நான் து தொக்கைச் சொல்வேன். வழியில் ஊதுபத்தி கிராமத்தில் வண்டி நிற்கும். வண்ணக் கட்டுகளுக்கு நடுவே படம் எடுத்தால் எதையாவது வாங்குவீர்கள் என்று கடைக்காரர்கள் எதிர்பார்ப்பார்கள்.

சிவன் கோயில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஹுவேயில் தேட வேண்டாம். இந்தப் பகுதி 1306 வரை சம்பா நாட்டுக்குச் சொந்தம். சம்பா அரசன் ஒரு வியட்நாம் இளவரசியை மணந்ததற்குக் கைமாறாகக் கொடுத்த நிலம் இது. சம்பாவின் செங்கல் கோயில்கள் இருப்பது ஹோய் ஆனிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் மீ சோன். பத்ரேஸ்வரர் என்ற பெயரில் சிவனை வழிபட்ட இடம். சிற்பங்களின் பெரும்பகுதி டா நாங்கில் உள்ள சம்பா அருங்காட்சியகத்தில். நான்காம் நாளை இதற்கு வையுங்கள்.

சாப்பாட்டில் கவனம் தேவை. 'இந்திய மதிய உணவு' என்று பேக்கேஜில் இருந்தால் டா நாங்கில் சரி. ஹுவேயில் அது நேரத்தைத் தின்னும், சுவையும் சுமார்தான். ஊரின் பெயர்பெற்ற பூன் போ ஹுவே நூடுல்ஸில் மாட்டுக்கறியோடு பன்றிக்காலும் பன்றி எலும்பு ரசமும் சேரும், இறால் விழுதும் உண்டு. அதனால் இரண்டில் எதைத் தவிர்ப்பவரும் கேட்காமல் சாப்பிடக்கூடாது. பான் பேவ் என்ற சின்ன அரிசிமாவுத் தட்டுகளின் மேல் காய்ந்த இறால் பொடி தூவியிருக்கும். ஆனால் சைவ உணவுக்காரர்களுக்கு வியட்நாமிலேயே வசதியான ஊர் இதுதான். பௌத்த மரபு ஆழமாக வேரூன்றியதால் 'சாய்' என்று பலகை போட்ட சைவக் கடைகள் நிறைய. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பல வீடுகளில் சைவம்தான், அன்று இந்தக் கடைகளில் கூட்டம் முட்டும். 'ஆன் சாய்' என்று சொன்னால் புரியும். 'நுவோக் மாம் வேண்டாம்' என்றும் சேர்த்துச் சொல்லுங்கள், அது மீன் சாறு. செ என்ற இனிப்புக் கஞ்சியில் தாமரை விதை போட்டது அருமை. ஆனால் மாவு உருண்டைக்குள் வறுத்த பன்றி வைத்த ஒரு வகையும் இதே கடையில் விற்கும். ஹலால் கடைகளை நம்பிப் போகாமல் சைவக் கடையை நம்புவது மேல்.

எப்போது போவது? ஐப்பசி, கார்த்திகையில் நம்மை நனைக்கும் அதே வடகிழக்குப் பருவமழைதான் ஹுவேயையும் நனைக்கிறது, அங்கே இன்னும் கடுமையாக. 1999 நவம்பர் பெருவெள்ளமும், 2025 அக்டோபர் கடைசியில் கோட்டைக்குள் தண்ணீர் புகுந்ததும் இந்தப் பருவத்தில்தான். அக்டோபர், நவம்பரில் பேக்கேஜ் மலிவாகத் தெரிவதன் காரணமும் அதுவே. காலாண்டு விடுமுறையில் போகிறவர்கள் செப்டம்பர் கடைசியிலிருந்தே புயல் செய்தியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பொங்கல் சமயத்தில் குளிரும் தூறலும் இருக்கும், ஸ்வெட்டர் எடுத்தால் போதும். பிப்ரவரி கடைசி முதல் ஏப்ரல் நடு வரை சிறந்தது. அவர்களின் புத்தாண்டான டெட் வாரத்தைத் தவிருங்கள். 2027-ல் அது பிப்ரவரி 6 அன்று. கடைகள் பூட்டியிருக்கும், ரயில் சீட்டு கிடைக்காது. ஏப்ரல் 30, மே 1 அவர்களுக்கு விடுமுறை, உள்ளூர்க் கூட்டம் நெரியும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெயில் நம்ம ஊர் கத்திரிக்குச் சளைக்காது.

விசாவில் டிராவல்ஸ் கடைகளின் வேலை நன்று, ஆனால் மூன்று இடத்தில் தவறு நேர்கிறது. ஒற்றை நுழைவு மின்விசா 25 டாலர், பலமுறை நுழைவு 50 டாலர். 90 நாள் வரை எத்தனை நாளுக்குக் கேட்டாலும் இதே கட்டணம்தான். ஆனாலும் ஐந்து நாள் பயணத்துக்கு ஐந்தே நாள் விசா போடுகிறவர்கள் இருக்கிறார்கள். விமானம் ஒரு நாள் தள்ளினால் சிக்கல். முன்னும் பின்னும் ஒரு வாரம் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். இரண்டாவது, பெயர். நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி, அல்லது இனிஷியல் விரிந்து அப்பா பெயராக இருக்கும். பாஸ்போர்ட்டின் அடியில் இருக்கும் இரண்டு வரிக் குறியீட்டில் பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில் விசாவிலும் டிக்கெட்டிலும் இருக்கட்டும். ஓர் எழுத்து தவறினாலும் புது விண்ணப்பம், புதுக் கட்டணம். பழையது திரும்பாது. மூன்றாவது, நுழையும் இடம். விசாவில் டா நாங் என்று போட்டுவிட்டு, பிறகு மலிவு என்று ஹோ சி மின் நகரம் வழியாக டிக்கெட் மாற்றக்கூடாது. அரசு சொல்லும் காலம் மூன்று வேலைநாள், ஆனால் மூன்று வாரம் முன்பே போட்டுவிடுங்கள். நீங்களே போடுவதானால் அரசுத் தளத்தில் மட்டும். அதே தோற்றத்தில் பல மடங்கு வாங்கும் தனியார் தளங்கள் நிறைய.

விமானத்தில் ஒரே கேள்வி: போகும் வழி முழுதும் ஒரே பி.என்.ஆர். எண்ணா? கோலாலம்பூர், சிங்கப்பூர், பாங்காக் வழியாக டா நாங் போகலாம். இரண்டு தனி டிக்கெட்டாகக் கொடுத்தால் நடுவில் இறங்கி, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருக்கும். அதற்கு அந்த நாட்டு நுழைவு அனுமதி வேண்டும், சிங்கப்பூர் என்றால் இந்தியருக்கு விசாவே வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பில்லை.

பணத்தை ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற மாற்றுநரிடம் ரசீதோடு டாலராக மாற்றுங்கள். பாஸ்போர்ட், பான் எண் வேண்டும். ரொக்கமாகக் கொடுத்து வாங்க 50,000 ரூபாய்தான் வரம்பு. மடிப்பு, கிழிசல், பேனாக் கோடு உள்ள நோட்டை அங்கே மறுப்பார்கள். டாங்கில் 20,000 நோட்டும் 5,00,000 நோட்டும் இரண்டுமே நீலம். இரவில் டாக்ஸிக்குக் கொடுக்கும்போது பூஜ்யத்தை எண்ணுங்கள். பேக்கேஜ் விலையில் ஜி.எஸ்.டி., டி.சி.எஸ். (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி) சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். டி.சி.எஸ். உங்கள் பான் எண்ணில் ஏறினால் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், எனவே சான்றிதழ் வாங்க மறக்காதீர்கள். நம் மூன்று முனை பிளக் அங்கே சேராது. போன் சார்ஜரின் இரண்டு முனை சேரும்.

முன்பணம் கட்டுவதற்கு முன் தாளில் இருக்க வேண்டியவை: ஹுவேயில் இரண்டு இரவு, ஹோட்டலின் பெயர் (ஆற்றின் தென்கரையில் இருந்தால் நடக்க வசதி), தனி வண்டியா கூட்டு வேனா, கணவாய் மேல் சாலை, எந்தெந்த நுழைவுச் சீட்டு. கூடவே, வெள்ளத்தால் சாலையோ ரயிலோ நின்றால் அந்த இரவுகளை எங்கே மாற்றுவார்கள், எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதும்.

போகும் அன்று வடசென்னைக்கு மெட்ரோ பெரிய வசதி. விம்கோ நகர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, மண்ணடி எதில் ஏறினாலும் மாறாமல் விமான நிலையம். நள்ளிரவு விமானம் என்றால் இரவு ஒன்பதுக்குள் ஏறிவிடுங்கள். திரும்பும்போது பெரும்பாலும் இரவு பதினொன்றுக்கு மேல்தான் இறங்குவீர்கள். மறுபடி ரயில் காலை ஐந்துக்கு, எனவே அந்த வண்டியையும் பேக்கேஜிலேயே சேர்த்துப் பேசிவிடுங்கள்.